கோதானம், பூதானம், கன்னிகாதானம்

"தோழர், இதுக்கு ஒரு பதில் எழுதுங்க" என்று எங்கள் வாசிப்பு வட்டத்தைச் சேர்ந்த தங்கை ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். "இந்துத் திருமணச் சடங்குகளும் அவற்றின் அறிவியல் அர்த்தங்களும்" என்பது தலைப்பு. மெட்டி போடும் விரலிலிருந்து ஒரு நரம்பு நேராகக் கருப்பைக்குப் போகிறதாம். தாலி இதயத்தைச் சீராக்குகிறதாம். ஓமப்புகை கிருமியைக் கொல்கிறதாம். கடைசியில், நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை என்ற வழக்கமான முத்திரை வாக்கியம்.

மெட்டிக்கு நாம் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை. கால் விரலிலிருந்து கருப்பைக்கு அப்படித் தனி நரம்பு எதுவும் ஓடவில்லை, உடற்கூறியல் புத்தகத்தைப் புரட்டினாலே தெரியும். ஓமப்புகையில் இருமி, கண் எரிந்து அழுத குழந்தைகளை எல்லாக் கல்யாணத்திலும் பார்த்திருக்கிறோம். இந்த "அறிவியல்" எல்லாம் ஒரு திரை. திரைக்குப் பின்னால் சடங்கு என்ன சொல்கிறது, யாரை எங்கே நிறுத்துகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

போன ஆவணியில் அந்தத் தங்கையின் அக்காவுக்குத் திருமணம் நடந்தது. கடலூர் மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. நூறு நாள் வேலைக்கும் முந்திரிக் காட்டு வேலைக்கும் போய் இரண்டு பெண்களையும் பட்டம் படிக்க வைத்தவர் அம்மா. மாப்பிள்ளையும் நம் சமூகம்தான், அரசு வேலை. அவர்கள் வீட்டார் வைத்த ஒரே நிபந்தனை: "ஐயர் வச்சு, முறைப்படி, மண்டபத்துல."

ஐயர் வந்தார். தட்சணையை முதலிலேயே பேசி முடித்திருந்தார்கள். நம் வீட்டுச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. அரிசி, வாழைக்காய், தேங்காய், வேட்டி, பணம், எல்லாம் பச்சையாகப் பையில் போனது. மாப்பிள்ளைக்கு ஒரு பூணூல் போட்டார். சடங்கு முடிகிற வரைக்கும் மட்டும். அந்த அரை மணி நேரம் மட்டும் நம் பையன் மந்திரத்தைக் காதால் கேட்கத் தகுதி பெற்றவன். முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். வாடகை நாற்காலியைத் திருப்பிக் கொடுப்பது போல.

பிறகு கோத்திரம் கேட்டார். மாப்பிள்ளையின் அப்பா முழித்தார். குலதெய்வத்தின் பெயரைச் சொன்னார். ஐயருக்கு இது பழக்கம்தான் போலிருக்கிறது. "சிவ கோத்திரம்னு வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு மேலே போனார். ஆயிரம் வருடமாக நம்மை எந்தக் கணக்கிலும் சேர்க்காதவர்கள், கேட்டவுடன் இரண்டு நொடியில் ஒரு ரிஷி வம்சத்துக்குப் பக்கத்தில் இடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் சிரித்தோம். அடுத்து நடந்ததில் சிரிப்பு நின்றுவிட்டது.

"கன்னிகாதானம் பண்றவா வாங்கோ" என்றார். அம்மா எழுந்தார். எழுந்தவரின் கையைப் பக்கத்திலிருந்த உறவுக்காரப் பெண் மெல்லப் பிடித்தார். கைம்பெண் தானம் கொடுக்க முடியாது, தம்பதியாகத்தான் கொடுக்க வேண்டும். அப்பாவின் தம்பியும் அவர் மனைவியும் மணமேடை ஏறினார்கள். பதினோரு வருடத்தில் அந்தச் சித்தப்பா அந்தப் பெண்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. அவர் பெண்ணின் கையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றித் தாரை வார்த்தார். அம்மா ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். நாங்கள் பக்கத்தில் போனபோது சொன்னார்: "நான் மேல வந்தா ஆவாதாம்பா. பரவால்ல. இங்கேருந்தே நல்லா தெரியுது."

எங்களில் ஒருவருக்கும் அங்கே குரல் எழும்பவில்லை. மேடையேறி நிறுத்தியிருக்க வேண்டுமா? அந்தப் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்த பழி வந்திருக்கும். இல்லை, அப்படிச் சொல்வது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானமா? இன்னும் முடிவுக்கு வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தோழர்களே, வாட்ஸ்அப் செய்தியில் இல்லாத அர்த்தங்களைப் பார்ப்போம்.

கோதானம், பூதானம், கன்னிகாதானம். மாடு, நிலம், பெண். தானம் கொடுக்க வேண்டுமானால் கொடுப்பவருக்கு அந்தப் பொருள் சொந்தமாக இருக்க வேண்டும், தானப் பொருளிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் இல்லை. பசுவிடம் யாராவது கேட்டார்களா? தாரை வார்க்கும்போது இரண்டு பக்கமும் மூன்று தலைமுறை ஆண்களின் பெயரைச் சொல்கிறார்கள்: கொள்ளுத் தாத்தா, தாத்தா, அப்பா. பெற்றவள் பெயருக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆகவே நம் தங்கையின் அம்மாவைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியதை உறவுக்காரர்களின் அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. சடங்கு தன் அர்த்தத்தை மிகச் சரியாக நிறைவேற்றியது.

ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் ஒரு திருமணப் பகுதி இருக்கிறது. இன்றும் மேடையில் ஓதப்படுவது அதிலிருந்துதான். மணப்பெண்ணை முதலில் அடைந்தவன் சோமன், அடுத்து கந்தர்வன், மூன்றாவது அக்கினி, நான்காவதாகத்தான் மனிதக் கணவன் என்ற கருத்து அதில் வருகிறது. இதற்குத் தத்துவ விளக்கம் உண்டு என்பார்கள். இருக்கட்டும். அந்த விளக்கத்தைத் தமிழில், ஒலிபெருக்கியில், பெண்ணின் அப்பாவும் அண்ணனும் கேட்கும்படி மேடையிலேயே சொல்லட்டும். ஏன் ஒருவரும் சொல்வதில்லை? புரியாமல் இருப்பதுதான் அந்த மொழிக்கு அங்கே இருக்கும் ஒரே வேலை.

அம்மி மிதிக்கும்போது கல்லைப் போல் உறுதியாக இரு என்று சொல்லப்படுவது பெண்ணுக்கு மட்டும். மாப்பிள்ளைக்கு அம்மி இல்லை. ஏழடி வைப்பதில் ஒரு நல்ல சொல் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை: ஏழாவது அடியில் "தோழியாக இரு" என்று வருகிறது. ஆனால் ஏழு அடிக்கும் பேசுகிறவன் ஆண். தோழமை என்றால் இருவரும் பேச வேண்டாமா? தாலி கட்டும்போது சொல்லும் மந்திரத்தின் பொருளோ, என் உயிர் நிலைப்பதற்காக இந்தக் கயிற்றை உன் கழுத்தில் கட்டுகிறேன், நீ நூறாண்டு வாழ் என்பது. அவன் உயிர் அவள் கழுத்தில் தொங்குகிறது. அவன் போனால் அவள் கழுத்துக்கு என்ன நடக்கும் என்பது அந்தக் கயிற்றுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. இதில் வேடிக்கை, திருமணச் சடங்குகளை விரிவாகச் சொல்லும் பழைய கிருகிய சூத்திரங்களில் தாலி கட்டுவது பற்றி ஒன்றும் இல்லை. தர்மசாஸ்திர வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய பி.வி. காணே இதைச் சொல்லியிருக்கிறார். அவர் நம் ஆள் இல்லை, சம்ஸ்கிருதப் பண்டிதர். ஆனாலும் 2015-ல் ஒரு தமிழ்த் தொலைக்காட்சி தாலி பற்றி விவாதம் நடத்த முனைந்ததற்கே அதன் அலுவலகத்தின் மீது வெடிகுண்டு வீசினார்கள்.

அருந்ததிக்கு வருவோம். பட்டப்பகலில், மண்டபத்துக் கூரைக்குக் கீழே, மாப்பிள்ளை விரல் நீட்டுகிறான், பெண் "தெரியுது" என்கிறாள். இல்லறத்தின் முதல் பொய் அங்கே தொடங்குகிறது என்று கிண்டல் செய்வார்கள். நமக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. மநுவின் ஒன்பதாம் அத்தியாயத்தில், இழிந்த பிறப்புடைய அட்சமாலை என்ற பெண் வசிட்டரை மணந்ததால் மதிப்புப் பெற்றாள் என்று வருகிறது. அந்த அட்சமாலைதான் அருந்ததி என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் சாக்கடைக்குள் இறக்கிவிடப்படும் ஒரு சமூகம் அருந்ததியர் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. பகலில் தெரியாத நட்சத்திரத்தைத் தெரிகிறது என்று சொல்பவர்களுக்கு, பகலில் தெரியும் அருந்ததியர் தெரு தெரிவதில்லை. மண்டபக் கழிப்பறையைக் கழுவ மட்டும் அங்கிருந்து ஆள் வர வேண்டும்.

"இதெல்லாம் தமிழர் மரபுதானே" என்று சிலர் நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள். அகநானூற்றில் இரண்டு திருமணங்கள் வருகின்றன, 86-ஆம் பாட்டிலும் 136-ஆம் பாட்டிலும். ஓமத்தீ இல்லை. புரோகிதர் இல்லை. மணல் பரப்பிய பந்தல், விளக்கு, நீராட்டும் பெண்கள். இரண்டாவதில் நெய் கலந்த இறைச்சிச் சோறு விருந்துக்கு வருகிறது. நம் மண்டபங்களில் "சைவம் மட்டும்" என்று பலகை தொங்குவதை அந்தப் புலவர் பார்த்தால் என்ன நினைப்பாரோ. சிலப்பதிகாரத்துக்கு வரும்போது முதிய பார்ப்பானும் தீவலமும் வந்துவிட்டன. மேலோர் மூவருக்கு வகுத்த கரணம் கீழோருக்கும் ஆன காலம் ஒன்று உண்டு என்று தொல்காப்பியமே கற்பியலில் பதிவு செய்கிறது. மேலோர், கீழோர் என்ற சொற்களை நன்றாகக் கவனியுங்கள்.

ஆனால் சங்க காலத்தைப் பொற்காலம் என்று நாம் பாடப் போவதில்லை. 86-ஆம் பாட்டில் மணப்பெண்ணை நீராட்டும் நால்வரும் புதல்வரைப் பெற்ற பெண்கள். அங்கேயும் நம் அம்மாவுக்கு இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நம் வீட்டுப் பாட்டிகளைக் கேளுங்கள். பரிசம் போட்டுக் கல்யாணம் முடித்த கதையைச் சொல்வார்கள். மாப்பிள்ளை வீடு பெண் வீட்டுக்குப் பணமோ தானியமோ கொடுக்கும். ஒத்துவராவிட்டால் பரிசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெண் அறுத்துக் கட்டலாம். புருஷன் செத்தாலும் அதே. பஞ்சாயத்தில் நான்கு பெரியவர்கள் முன்னால் முடிந்துவிடும். 1955 இந்துத் திருமணச் சட்டம்கூட இப்படிப்பட்ட வழக்காற்று மணமுறிவை 29-ஆம் பிரிவில் விட்டுவைத்திருக்கிறது. பரிசம் என்பதும் விலைதான், அதற்கு நாம் கொடி பிடிக்க வேண்டாம். ஆனால் வயலில் இறங்கி உழைக்கும் பெண் ஒரு வீட்டை விட்டுப் போனால் அந்த வீட்டுக்கு நட்டம் என்ற கணக்காவது அதில் இருந்தது.

இந்த முறைக்கு மநு வைத்த பெயர் ஆசுரம். அசுரர் கல்யாணம். மூன்றாம் அத்தியாயத்தில் எட்டு வகைத் திருமணங்களை அடுக்குகிறார். பெண்ணுக்கு நகை போட்டு, படித்த மாப்பிள்ளையை அழைத்துத் தானமாகக் கொடுப்பது பிராமம், உச்சியில் இருக்கிறது. பெண்ணுக்காகக் காசு வாங்குவது ஆசுரம், அடியில் கிடக்கிறது. மகளுக்காகச் சிறு தொகை வாங்கும் தகப்பனும் பிள்ளையை விற்றவன் என்கிறார். பெண் வீடு வாங்கினால் விற்பனை, பெண் வீடு கொடுத்தால் தானம். இந்த ஏணியில் ஒரு படி ஏறுவதற்காகத்தான் நம் வீடுகளில் பரிசம் நின்று, பவுன் வந்தது, பைக் வந்தது, "உங்க பொண்ணுக்கு நீங்க செய்றதுதானே" வந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய வட்டிக் கடனை அந்த அம்மா இன்னும் முந்திரிக் காட்டில் கட்டிக்கொண்டிருக்கிறார். எம்.என். சீனிவாஸ் இதற்குச் சமஸ்கிருதமயமாதல் என்று பெயர் வைத்தார். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. வட்டி மாதா மாதம் பெண்கள் தலையில் விழுகிறது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இளம் தோழர்கள் செய்யும் ஒரு தவறு, பெற்றோரைப் பார்த்து "அடிமைப் புத்தி" என்று எளிதாகச் சொல்லிவிடுவது. நாங்களும் சொல்லியிருக்கிறோம். அவர்கள் ஏன் மண்டபத்தையும் மேளத்தையும் ஐயரையும் கேட்கிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். மறு ஆண்டு அது பதினொன்றாக வளர்ந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் இந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. சட்டை கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலே துணி போடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. இரண்டாவது பட்டியலில் நேரடியாகத் திருமணத்துக்கே வருகிறார்கள்: கல்யாணத்தில் மேளம் வைக்கக் கூடாது, தாலி கட்டும் முன் குதிரையில் ஊர்வலம் போகும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும், பல்லக்குக்குப் பதில் தங்கள் வீட்டுக் கதவைத்தான் பயன்படுத்த வேண்டும்.

வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் மணமக்களை உட்காரவைத்துத் தூக்கிப் போ என்றார்கள்.

அப்படியானால் நம் ஆட்கள் அதற்கு முன்பே குதிரையில் போயிருக்கிறார்கள், மேளம் வைத்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்? அதைப் பொறுக்க முடியாமல்தான் தடை வந்தது. வடக்கே இமயமலை அடிவாரத்திலும் இதே கதை. கட்வாலில் சில்ப்கார் மக்கள் தங்கள் திருமணத்தில் பல்லக்கு ஏறும் உரிமைக்காக ஜெயானந்த் பாரதி தலைமையில் இயக்கமே நடத்தினார்கள். டோலா பால்கி இயக்கம் என்று அதற்குப் பெயர். இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று சொல்ல முடியாது. 1980 மே மாதம், அல்மோரா மாவட்டம் கஃபல்டா கிராமத்தில், கோவிலுக்கு முன்னால் மாப்பிள்ளை பல்லக்கிலிருந்து இறங்க மறுத்ததற்காகக் கல்யாண ஊர்வலத்தில் வந்த 14 தலித்துகளைக் கொன்றார்கள். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் இன்றைக்கும் போலீஸ் பாதுகாப்போடு குதிரை ஏறும் தலித் மாப்பிள்ளைகளைச் செய்தியில் பார்க்கிறோம்.

ஆகவே அந்த அம்மாவுக்கு மண்டபம் வேண்டும், மேளம் வேண்டும், தன் மகள் பட்டுப்புடவையில் நகரத்தின் முக்கியத் தெரு வழியாகக் காரில் போக வேண்டும் என்றால், அதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. அவருடைய பாட்டிக்குத் தடுக்கப்பட்டதை அவர் கேட்கிறார். தெரு பொதுச் சொத்து. மேளமும் குதிரையும் யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. இவை உரிமை.

கன்னிகாதானம் அந்தக் கணக்கில் வராது. தெருவில் ஊர்வலம் போனால் ஊரின் அதிகாரம் ஓர் அங்குலமாவது குறைகிறது. மேடையில் தானமாகப் போனால் யாருடைய அதிகாரம் குறைகிறது? பூணூலை அரை மணி நேரம் போட்டுக் கழற்றினால், அதை நிரந்தரமாகப் போட்டிருப்பவன் உயர்ந்தவன் என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 1930-ன் பட்டியலில் பூவும் மஞ்சளும் நம் பெண்களுக்குக் கூடாது. பார்ப்பனிய ஒழுங்கில் பூவும் மஞ்சளும் யாருக்குக் கூடாது? கைம்பெண்ணுக்கு. புருஷன் உயிரோடு இருக்கும்போதே நம் பெண்கள் எல்லோரையும் ஊர் கைம்பெண்ணாக்கி வைத்திருந்தது. அதே தண்டனையை இப்போது நாம், நம் கையால், நம் மண்டபத்தில், நம் அம்மாவுக்குக் கொடுக்கிறோம். கடன் வாங்கித் தட்சணை கொடுத்து.

இனி நம் முற்றத்தைப் பார்க்கலாம். அங்கேயும் குப்பை இருக்கிறது.

மேடையில் அம்பேத்கர் படம், பெரியார் படம், தலைவர் வாழ்த்துரை, தமிழில் உறுதிமொழி. அருமை. மணமக்கள் யார்? ஒரே உட்சாதி. பொருத்தம் பார்த்தது யார்? திருமணத் தகவல் செயலியில் சாதிக் கட்டத்தைத் தட்டி வடிகட்டியது நம் தோழர்தான். 1916-ல், 25 வயதில், கொலம்பியாவில் படித்த கட்டுரையில் அம்பேத்கர் சொன்னது என்ன? சாதியின் சாரம் அகமணம். அதைக் காப்பாற்றத்தான் சதியும், கட்டாயக் கைம்மையும், குழந்தை மணமும் வந்தன என்றார். புரோகிதரை நீக்கிவிட்டு அகமணத்தை வைத்துக்கொண்டால், ஓட்டுநரை இறக்கிவிட்டு அதே வண்டியில் அதே ஊருக்குப் போகிறோம்.

அந்தக் கல்யாணத்துக்கு மாற்றுத்துணி கொண்டுவந்த புதிரை வண்ணார் குடும்பத்தைப் பற்றி இதுவரை நாம் ஒரு வரி எழுதவில்லை, கவனித்தீர்களா? எங்களுக்கே எழுதும்போதுதான் உறைத்தது. நமக்குத் துணி வெளுத்து, நம் பிறப்பிலும் பூப்பிலும் சாவிலும் வேலை செய்த அந்த மக்களைப் பெரும்பாலான கல்யாணங்களில் பந்தி முடிந்த பிறகுதான் கூப்பிடுகிறோம். அரசு 2009-ல் அவர்களுக்கு நல வாரியம் அமைத்தது. நம் பந்தியில் இடம் போட எந்த அரசாணை வேண்டும்?

சாதி மீறிக் கட்டினால் என்ன நடக்கும் என்பது நமக்குப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விருத்தாசலம் 2003. தருமபுரி நத்தம் காலனி 2012, ஒரு காதல் திருமணத்துக்காக மூன்று ஊர்களின் வீடுகள் எரிந்தன. உடுமலை 2016, பேருந்து நிலையம், பட்டப்பகல். இவர்கள் யாரும் ஓமத்தைச் செய்யாததற்காகக் கொல்லப்படவில்லை. ஒரு பெண் யாருடைய தானமாகவும் போகாமல் தானே போனாள் என்பதற்காகத்தான் அரிவாள் வந்தது. கன்னிகாதானத்தின் அர்த்தத்தை யாராவது வாட்ஸ்அப்பில் கேட்டால் உடுமலையைச் சொல்லுங்கள்.

சட்டம் பற்றிப் பல தோழர்கள் கேட்கிறார்கள், குழப்பமும் நிறைய இருக்கிறது. 1928-ல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் தெய்வானை ஆச்சி வழக்கில் சொன்னது. அதற்குள் எத்தனையோ பேர் அந்த முறையில் மணந்து பிள்ளை பெற்றிருந்தார்கள். அண்ணா ஆட்சியில் 1967-ல் இயற்றி 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த 7-ஏ பிரிவு, முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லலாம், அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஏதாவது ஒன்று போதும். புரோகிதர் தேவையில்லை. ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவரும் இணையர்களுக்கு இது உயிர் காக்கும் தீர்ப்பு.

அடுத்த ஆண்டே அதே உச்ச நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, வேறொரு வழக்கில், இந்துத் திருமணம் ஒரு புனிதச் சடங்கு, உரிய சடங்குகள் நடக்காமல் வெறும் சான்றிதழ் வாங்கினால் திருமணம் ஆகாது என்று சொன்னது. அது 7-ஆம் பிரிவு பற்றியது, 7-ஏ தமிழ்நாட்டுத் திருத்தம். எனவே பெங்களூரில் வேலை பார்க்கும் தோழர்கள் அங்கேயே மாலை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஊருக்கு வந்து செய்யுங்கள், அல்லது 1954 தனித் திருமணச் சட்டத்தில் பதியுங்கள். பின்னதில் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள், சாதி மறுப்பு இணையருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று தெரியும். ஒருவர் கிறித்தவராகவோ இசுலாமியராகவோ இருந்தால் 7-ஏ பொருந்தாது, இரண்டு "இந்து"க்களுக்குத்தான். பார்ப்பனர் இல்லாமல் மணக்கவும் நாம் சட்டப்படி இந்துவாக இருக்க வேண்டியிருக்கிறது. இந்த வேதனையைத் தனியாக எழுத வேண்டும். எந்த முறையில் செய்தாலும் 2009 பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

செய்தியை அனுப்பிய தங்கைக்கு வரும் தையில் திருமணம். மாப்பிள்ளை வேறு சாதி, அவர் வீட்டில் பாதிப் பேர் வருவார்கள், பாதிப் பேர் வர மாட்டார்கள். ஐயர் இல்லை, தானம் இல்லை. மாலையை எடுத்துக் கொடுப்பவர் அம்மா. அம்மாவிடம் பேசப் போனபோது தயங்கித் தயங்கித்தான் போனோம். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "ஐயர் வேணான்னா வேணாம், எனக்கென்ன. நான் மேடையில நிக்கணும்னா பூ வச்சிக்கலாமா?" என்று கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். "அப்ப மேளம் வேணும். பெரிய தெரு வழியாத்தான் போவணும், பின்னாடி சந்து வழியா கூட்டிட்டுப் போவக் கூடாது" என்றார்.

பெரிய தெருவுக்கு ஒப்புக்கொண்டாயிற்று. மேளத்தில்தான் சிக்கல். பறை வைக்க வேண்டும் என்று எங்கள் வட்டத்தில் ஒரே பிடிவாதம். சாவுக்கு அடிக்கிறதைக் கல்யாணத்துக்கு அடிக்காதீங்கப்பா, நாதஸ்வரம் வைங்க என்கிறார் அம்மா. போன ஞாயிறு இரண்டு மணி நேரம் பேசினோம், முடியவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும் போகிறோம்.